ஃப்ளவுட் என்று எழுதியவன்

ஒரு இங்கிலீஷ் வார்த்தையை மாற்றக் கூடாது என்று நான் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் அடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். அது என்னைக் குற்றம் சொல்லி எழுதிய வார்த்தை. அவர்களே மனமிரங்கி, போனால் போகிறது, மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், அதுவே இருக்கட்டும் என்றேன். எனக்கு அன்றைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று என் மனைவி இன்னமும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கிறுக்கெல்லாம் இல்லை. அன்றைக்கு என் புத்தி தெளிவாக வேலை செய்தது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை என்பதால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்கு எழுத்து வேலை செய்கிறவன். முப்பது வருஷமாக இங்கிலீஷ் எழுதுகிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து எழுதிவைத்தால் அது எனக்கு ஒரு படம். ஓனர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார், நான் சாக்பீஸில் கோடு போட்டு, இடைவெளி பார்த்து, நிழல் கொடுத்து லாரி நெற்றியில் ஏற்றுவேன். அர்த்தம் ஓனருடையது, அழகு என்னுடையது. ஒரு தடவை காகிதத்தில் ஒட்டியிருந்த குழம்புத் துளியைக் கமா என்று நினைத்து அதையும் பெரிதாகப் போட்டுவிட்டேன். அந்த வண்டி பஞ்சாப் வரைக்கும் போய் வந்தது, ஒருத்தரும் கேட்கவில்லை.

ஊரைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்கும் போர்டு எழுதுவேன். அப்படித்தான் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளிக்கு, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், பெரிய போர்டு ஒன்று எழுதினேன். வெள்ளையில் நீல எழுத்து. ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் நம்பர் போட்ட வரிகள், கீழே சிவப்பில் ஒரு வரி. மூன்று நாள் வேலை. முடித்துவிட்டு எதிர்ப்புறம் நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

மறு வருஷம் என் மகளை அதே பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தோம். பிளஸ் டூ வந்ததும் அவளுடைய அறைக்கு எடப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா ரிக் வண்டியில் போய் போர்க் கிணறு தோண்டுகிற ஆள். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் வண்டி நிற்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மா கோழிப் பண்ணையில் வேலை செய்துகொண்டு அங்கேயே ஒரு அறையில் தங்கியிருந்தார். கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? ஆகவே அந்தப் பெண்ணைப் பார்க்க யாரும் வருவதில்லை.

எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பெற்றோர் நாள் என்றால் அது தனி உலகம். மாதத்தில் ஒரு ஞாயிறு. காரிலும் பஸ்ஸிலும் டூவீலரிலும் தூக்குப் போசி, டிபன் கேரியர் சகிதமாகச் சனம் வந்து இறங்கும். மைதானத்துப் புங்க மரத்தடிகளில் விரிப்பை விரித்து, கறிச்சோறு பிசைந்து, பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஊட்டிவிடுவார்கள். வீட்டில் ஒரு நாளும் ஊட்டியிருக்க மாட்டார்கள். விடுதியில் தினமும் முட்டை போட்டு வெறுத்துப்போயிருக்கும் பிள்ளைகள், முட்டையைத் தவிர எதைக் கொண்டுபோனாலும் அள்ளி அள்ளித் தின்பார்கள். என் மனைவி முதல் நாள் மதியத்திலிருந்தே கோழியை உரித்து மசாலா அரைக்க ஆரம்பித்துவிடுவாள். என்னை அந்த அக்கறையில் பாதிகூடக் கவனித்ததில்லை.

பிளஸ் டூவின் முதல் பெற்றோர் நாளில் என் மகள் தன் பங்கில் பாதியை டப்பா மூடியில் ஒதுக்கி வைத்தாள். யாருக்கு என்று கேட்டோம். அறையில் ஒருத்தி தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். எடுத்துக்கொண்டு போனாள். ஐந்தே நிமிஷத்தில் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். வெளிச் சாப்பாட்டை அறைக்குள் கொண்டுபோகக் கூடாதாம், விடுதி வாசலில் நிறுத்திக் குப்பைத் தொட்டியில் கொட்டச் சொல்லிவிட்டார்களாம். என் மனைவி கேரியரை மூடினாள். எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்றைக்கு வீடு வந்து சேரும் வரைக்கும் காது ஆறவில்லை.

அடுத்த மாதம் கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவல்கார அம்மாவிடம் நேராகவே கேட்டேன். இன்னொரு பிள்ளையையும் நாங்கள் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று. அந்த அம்மா நல்ல தமிழில் தெளிவாகச் சொன்னார்: பெற்றவர்கள், இல்லாவிட்டால் சேர்க்கும்போது ஃபாரத்தில் பேர் கொடுத்த சொந்தக்காரர்கள், அவர்களைத் தவிர வேறு யாரும் எந்தப் பிள்ளையையும் கூப்பிடக் கூடாது. சரிங்க என்றேன். உள்ளே போய், பிள்ளையைக் கூப்பிட எழுதிக் கொடுக்கிற சீட்டு இரண்டு வாங்கினேன். ஒன்றில் என் மகள் பேர். இன்னொன்றில் அந்தப் பெண்ணின் பேர், வகுப்பு, என் பேர். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. மாமா என்று எழுதலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மாமாவில் ஆயிரம் வில்லங்கம். பெரியப்பா என்று எழுதினேன். அவர்கள் வேறு ஊர், வேறு சனம், எங்களுக்கும் அவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்ததும் உறவு சொல்லிக் கூப்பிடுவது மூச்சு விடுகிற மாதிரி, யாரும் ரத்தம் பார்த்துச் சொல்வதில்லை. எழுதுவது பொய் என்று தெரிந்துதான் எழுதினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண் மைதானத்துக்கு வந்து மலங்க மலங்க விழித்தாள். யார் கூப்பிட்டது என்றே அவளுக்குத் தெரியாது. என் மனைவி, "வா சாமி, உக்காரு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்கு அவள் பேசியது பத்து வார்த்தை இருக்கும், சாப்பிட்டது இரண்டு ஆள் சோறு. போகும்போது அடுத்த மாதம் என்ன வேண்டும் என்று மனைவி கேட்டாள். கறி கேட்பாள் என்று நினைத்தேன். அரிசீம்பருப்புச் சோறு கேட்டாள். அது அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு வீட்டில் அவசரத்துக்கு ஆக்குகிற சோறு. அதை ஒரு பிள்ளை விருந்தாகக் கேட்டது. இப்படி நாலு மாதம் நாலு சீட்டு எழுதினேன்.

ஐந்தாவது தடவைக்கு முன்னால் அகப்பட்டேன். ஆபீசுக்குப் புதிதாக வந்தவர் பழைய சீட்டுகளை எடுத்து ஃபாரங்களோடு சரிபார்த்திருக்கிறார். அந்தப் பெண்ணின் ஃபாரத்தில் பெரியப்பாவே இல்லை. வீட்டுக்குத் தபால் வந்தது, அரைப் பக்கம் இங்கிலீஷில், கீழே நான் கையெழுத்துப் போடுவதற்குக் கோடு. படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு வார்த்தை சட்டென்று கண்ணில் பட்டது. இதை நான் எழுதியிருக்கிறேன். எஃப்பும் எல்லும் நெருங்கி நிற்பதும், கடைசி டீயின் குறுக்குக் கோடும் என் கைக்கே ஞாபகம் இருந்தது. எந்த லாரி, எந்த போர்டு என்றுதான் பிடிபடவில்லை.

தபாலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்குப் போனேன். அந்தக் கடை நடத்தும் பெண் எனக்குப் பல வருஷப் பழக்கம். லாரிகளில் நான் எழுத வேண்டிய வாசகங்களைப் பாதி அவள்தான் அடித்துத் தருவாள். படித்துவிட்டு, விடுதி விதிகளை நீங்கள் ஃப்ளவுட் செய்தீர்கள், அதற்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம் என்றாள். மீறினேன் என்றுதானே அர்த்தம், அதற்கு வயலேட் என்றல்லவா போடுவார்கள், லாரி ஆபீசில் அதைத்தானே சொல்கிறார்கள் என்றேன். அவள் போனில் அகராதியைத் திறந்து பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"வயலேட்ங்கறது சும்மா மீறுறதுங்க. தெரிஞ்சு மீறுனாலும் அதான், தெரியாம மீறுனாலும் அதான். இது அப்படி இல்லைங்க. தெரியாம மீறுனவங்களுக்கு இதைப் போட மாட்டாங்க. விதி இதுதான்னு நல்லாத் தெரிஞ்சு, அதை மதிக்காம, எல்லாரும் பாக்கவே மீறுறதுக்குத்தான் இந்த வார்த்தை."

எனக்குப் புரியட்டும் என்று ஒரு உதாரணமும் சொன்னாள். சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போகிறவன் ஒருத்தன், போலீஸ்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவன் இன்னொருத்தன். இந்த வார்த்தை இரண்டாவது ஆளுக்கு. எனக்கு மறுபடியும் காது சூடாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட்டதற்கு நான் திமிர் பிடித்தவனா? இந்த வார்த்தையை மாற்றாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அந்தக் கடையிலேயே சபதம் செய்தேன்.

அந்தச் சபதம் இரண்டு நாள்தான் தாங்கியது. மகள் விடுதிப் போனிலிருந்து கூப்பிட்டு அழுதாள். விஷயம் என்னோடு நிற்கவில்லை. அந்தப் பெண்ணை விடுதியை விட்டு அனுப்பப் போகிறார்களாம், அவளுடைய அம்மாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். பரீட்சைக்கு நாலு மாதம்கூட இல்லை. அப்பா ஊரில் இல்லை. விடுதியை விட்டால் பண்ணையில் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் அம்மா தங்கியிருக்கும் ஒற்றை அறைதான், அங்கிருந்து பள்ளிக்கு நேர் பஸ்ஸும் கிடையாது. அந்தப் பிள்ளை பரீட்சை எழுதுகிற லட்சணம் என்னவாகும்? நான் போட்ட சோறு அவள் படிப்பில் வந்து விழுந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் பள்ளி கேட்டில் அந்தப் பெண்ணின் அம்மாவை முதல் தடவையாகப் பார்த்தேன். காலைத் தீவனம் போட்டுவிட்டு அப்படியே கிளம்பி வந்திருந்தார். சீட்டு எழுதியது நான்தான் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்பட புள்ளைக்குச் சோறு போடச் சொல்லி உங்களை யாருங்க கேட்டா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை தூங்கி எழுந்து படித்துக்கொண்டிருக்கும் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டுச் சோறு வருகிறது, எனக்கு வரவில்லை என்று அவள் ஒரு நாளும் அம்மாவிடம் சொன்னதில்லை. நான் செய்த காரியத்தால் அது அவருக்குத் தெரிந்துபோனது. அந்தக் கோபம் நியாயமான கோபம், வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் பக்கத்துச் சுவரில் என் போர்டைப் பார்த்தேன். கீழே சிவப்பு வரி. நடுவில் அதே எஃப், அதே எல், அதே டீ. விதிகளை ஃப்ளவுட் செய்கிறவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று என் கையாலேயே நான் எழுதி வைத்திருந்தேன்.

பள்ளி முதல்வர் நடுத்தர வயது அம்மா. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் ஆரம்பித்தார். வெளியில் இருக்கும் போர்டை எழுதியது நீங்கள்தான் என்று சொல்கிறார்களே, எழுதிய நீங்களே மீறலாமா என்று கேட்டார்.

"எழுதினது நான்தானுங்க. படிச்சது நான் இல்லைங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு தபாலைக் கையில் எடுத்து, அப்படியானால் இந்த வார்த்தை உங்களுக்குப் பொருந்தாது, ஆபீசில் போர்டைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார்கள், தெரியாமல் மீறிவிட்டேன் என்று மாற்றித் தரச் சொல்கிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். நான் எதற்காகச் சபதம் செய்தேனோ அது கேட்காமலே கையில் வந்து விழுந்தது. எழுந்து கும்பிடப் போனேன். போகிற போக்கில்தான், இந்தப் பிள்ளை விஷயம் என்னங்க என்று கேட்டேன்.

முதல்வர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு விதி நன்றாகத் தெரியும், விடுதிப் புத்தகத்தில் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். விதி தெரியாத உங்களை அவள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாள். ஆகவே பொறுப்பு அவளுடையது, விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். பக்கத்தில் பிள்ளையின் அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அங்கேதான் எனக்குப் புத்தி விழித்தது. குற்றம் ஒன்று, அதைச் சுமக்க இரண்டு பேர். நான் தெரியாதவன் ஆனால் தெரிந்தவள் அந்தப் பிள்ளை ஆகிவிடுகிறாள். என் மேலிருந்து எடுத்த வார்த்தையை அவள் தலையில் வைக்கப் போகிறார்கள். உட்கார்ந்தேன்.

"அப்படீன்னா மாத்த வேண்டாமுங்க. பழைய வார்த்தையே இருக்கட்டும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று முதல்வர் கேட்டார்.

"தெரியுமுங்க. தெரிஞ்சே, மதிக்காம மீறுறது. போர்டைப் படிக்கத் தெரியாதுங்கறது நெசந்தானுங்க. ஆனா கேட்ல இருக்கற அம்மா எனக்குத் தமிழ்லயே சொன்னாங்க. கேட்டுக்கிட்டு, உள்ள வந்து எழுதினேன். நாலு தடவை எழுதினேன். பெரியவன் கூப்பிட்டா புள்ளை வராம என்னங்க பண்ணும்? அந்த வார்த்தை எனக்குத்தானுங்க அளவெடுத்துத் தெச்சது."

முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். உங்களுக்கும் பெண் இருக்கிறாள், நாளைக்கு வேறொருவன் பெரியப்பா என்று எழுதிவிட்டு வந்து அவளைக் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எனக்குச் சுரீரென்றது. அந்த விதி நல்ல விதி. அதை எழுதியவர்களுக்குப் பெண் பிள்ளைகள் மேல் அக்கறை இருந்திருக்கிறது. நான் செய்தது சோறு போட்டதாகவே இருந்தாலும் இன்னொருவனுக்கு வழியும் காட்டியிருக்கிறது. நீங்கள் கேட்பது சரிதான் என்றேன்.

"அதனாலதானுங்க சொல்றேன். என்னை வெளிய நிறுத்துங்க. புள்ளையை நிறுத்தாதீங்க."

இந்த வார்த்தையோடு கையெழுத்துப் போட்டால் அது உங்கள் மகளின் ஃபைலில்தான் இருக்கும், பரீட்சை முடியும் வரை நீங்கள் கேட்டைத் தாண்ட முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அந்த அம்மா விரலில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தார். வெளியே மணி அடித்து ஓய்ந்தது. காலையில் கேட்டில் என்னைக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு இவரு யாருன்னு தெரியாதுங்க. இன்னைக்குத்தான் பாக்கறேன். எம்புள்ளைக்குப் பெரியப்பனுங்க."

முதல்வர் வேறு கேள்வி கேட்கவில்லை. தபாலை என் பக்கம் தள்ளினார். முப்பது வருஷத்தில் எத்தனையோ ஓனர்களின் பேரைப் பார்த்துப் பார்த்து எழுதியவன், அன்றைக்கு என் பேரைக் கோணல்மாணலாகப் போட்டேன். அந்தப் பெண் விடுதியில் தொடரலாம் என்றார். இனி அவளைப் பார்க்க வருவதாக இருந்தால், அம்மா எழுதிக் கொடுக்கும் ஒரு பெண்மணி மட்டும் வரலாம் என்றார். அந்த அம்மா என்னிடம் என் மனைவியின் பேரைக் கேட்டுக்கொண்டு, ஆபீஸ் மேஜையில் குனிந்து ஃபாரத்தை நிரப்பினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, "அரிசீம்பருப்புன்னா புள்ளைக்குக் கொஞ்சம் நெய் சாஸ்தியா ஊத்தோணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வீட்டில் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாற்றித் தருகிறேன் என்றவர்களிடம் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே நீங்கள்தான் என்றாள். திட்டிக்கொண்டே இரண்டு டம்ளர் அரிசி அதிகமாகப் போட்டாள்.

அடுத்த பெற்றோர் நாளில் அவளைக் கேட்டில் இறக்கிவிட்டு, நான் வெளியே சுவரோரம் நின்றேன். உள்ளே மரத்தடிச் சத்தம் கேட்டது. காவல்கார அம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். வேறு வேலை இல்லாததால் என் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வரியில் வெயில் பட்டு அந்த வார்த்தை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. வண்டிப் பெட்டியில் பிரஷும் சிவப்பு எனாமலும் எப்போதும் கிடக்கும். உள்ளே போகக் கூடாது என்றுதான் உத்தரவு, சுவரைத் தொடக் கூடாது என்று இல்லை. காவல்கார அம்மாவைக் கேட்டேன், நல்லாப் போடுங்க என்றார். எஃப்பிலிருந்து டீ வரைக்கும் இன்னொரு கோட் பெயிண்ட் ஏற்றினேன். அர்த்தம் தெரிந்து நான் எழுதிய முதல் இங்கிலீஷ் வார்த்தை அதுதான்.

மனைவி கேரியரோடு வெளியே வந்தாள். மூன்று அடுக்கும் காலி. பிள்ளைகள் இரண்டும் சண்டை போட்டு வழித்துத் தின்றார்களாம். எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லையா என்றேன். இருக்கிறது என்று, ஆபீசில் கொடுத்த சீட்டை என் கையில் வைத்தாள். தமிழ் எனக்குப் படிக்கத் தெரியும். அந்தப் பெண்ணின் பேர், வகுப்பு, என் மனைவியின் பேர். உறவு என்ற கட்டத்தில், அந்த அம்மா ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தபடியே பெரியம்மா என்று டைப் அடித்து, மேலே பள்ளியின் முத்திரையும் குத்தியிருந்தார்கள். பெரியம்மாவைக் கட்டியவன் அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று இனி யாரும் எனக்கு ஒரு போர்டில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.